இடதுபக்கப் படுக்கையின் ஈரம்

போன மாதம் ஒரு இளம் தம்பதி எங்கள் படகுக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்னதாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடியிருந்து, காற்று கொண்டுபோகிற பக்கமெல்லாம் போய்வர வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறார்களாம். அந்தப் பெண் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். "அக்கா, நேராவே கேட்டுடறேன். கொஞ்சமா காசு வெச்சிருக்கறவங்களுக்கு இது கட்டுப்படியாகுமா?" ஆகும் என்றேன். பழைய ஃபைபர் கிளாஸ் படகில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்க என்னென்ன வேண்டும், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் வரிவிடாமல் எழுதிக்கொண்டாள். சந்தோஷமாகப் போனார்கள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் கேட்ட கேள்வியைச் சுற்றி வந்தேனே தவிர, பதில் சொல்லவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

பதில் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று அதற்கப்புறம் பல நாள் யோசித்தேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போய்த்தான் நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது 27 அடிப் படகு. 1970களில் வார்த்தது.  அந்தக் காலத்துக் கட்டுமானக்காரர்கள் பலர் ஃபைபர் கிளாஸைத் தாராளமாகவே போட்டு வார்த்தார்கள். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் படகுகளின் உடல் கல் மாதிரி நிற்கிறது. உடலைத் தவிர மற்றதெல்லாம் தேய்ந்து போகிற சாமான்கள்தான். பாய், கயிறு, கம்பி, பம்ப், குழாய், ஒயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. பழைய படகை மலிவாக வாங்குகிறோம் என்றால், உடலை வாங்கிக்கொண்டு மற்றதன் ஆயுளெல்லாம் தீரும் நேரத்தில் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறோம் என்று அர்த்தம். வாங்கும்போது இது எனக்குப் புத்தியில் தெரிந்திருந்தது. கையில் தெரிய மூன்று வருடம் ஆனது.

உள்ளே வாழ்கிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கேபினில் நான் நிமிர்ந்து நிற்கலாம், என் கணவர் தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் போதும் என்று பழகிக்கொண்டோம். பாத்திரம் கழுவக் காலால் மிதிக்கும் பம்பில் கடல்தண்ணீர். ஃப்ரிட்ஜ் கிடையாது என்பதால் ஒரு 100 வாட் சூரியத் தகட்டிலேயே விளக்கும் போனும் ரேடியோவும் ஓடிவிடுகின்றன. பழகினால் இதெல்லாம் குறையாகவே தெரிவதில்லை. குறையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என் படுக்கை நனைந்தது.

ஒன்பது அடி கூடுதலாக

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு 36 அடியா வாங்கியிருக்கலாமே." நல்ல மனசோடு சொன்னதுதான். கேட்கும்போது ஒன்பது அடிதானே என்று தோன்றும். ஆனால் படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலமும் ஆழமும் சேர்ந்தே வளரும். அதே உருவத்தில் 27 அடி 36 அடி ஆகும்போது எடை இரண்டே கால் மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. எடை கூடினால் நங்கூரம் பெரிதாக வேண்டும், சங்கிலி தடிக்க வேண்டும், பாய் விரிய வேண்டும், அந்தப் பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பெரிதாக வேண்டும், கம்பி தடிக்க வேண்டும், எஞ்சின் வேறாக வேண்டும். இதற்குப் பதிலாகக் கிடைக்கும் வேகம் என்ன? இந்த மாதிரிக் கனமான படகின் உச்ச வேகத்தைத் தண்ணீரைத் தொடும் நீளம்தான் தீர்மானிக்கிறது. அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல்மைல் என்று, வந்துவிடும். எங்கள் படகு தண்ணீரைத் தொடுவது 20 அடி, ஆக 6 நாட். 36 அடிப் படகு 27 அடி தொட்டால் 7 நாட். கூடுதலாகக் கிடைப்பது மணிக்கு ஒரு கடல்மைல்.

இந்தக் கணக்கை ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னப் படகு ஏன் நல்லது என்று கேட்டால் இதுதான் என் பதில். கணக்கு சரிதான். ஆனால் மழை பெய்கிற இரவில் நனைந்த மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் சுருண்டு படுக்கும்போது, அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. பெரிய படகென்றால் இன்னொரு படுக்கையாவது இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

சொட்டு

இடதுபக்கப் படுக்கை என்னுடையது. முதல் வருடம் அதன் தலைமாட்டில் ஈரம் தட்டியது. "இது நம்ம மூச்சுதான். ராத்திரி வெளியே குளிர், உள்ளே ரெண்டு பேர் மூச்சு விடறோம், வேர்க்கத்தானே செய்யும்?" என்றார் கணவர். அது நிஜமாகவே நடக்கிற விஷயம். குளிர்ந்த ஃபைபர் கிளாஸில் மூச்சின் ஈரம் படிந்து மெத்தைக்கு அடியில் தேங்கும், பூசணம் பூக்கும். அதனால் மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்துக் காற்றோட்டம் விட்டோம். மற்ற இடமெல்லாம் காய்ந்தது. என் தலைமாடு காயவில்லை.

அப்புறம் கவனித்தேன். மழையில் சொட்டியது. படகு இடதுபக்கம் சாய்ந்து ஓடும்போதும் சொட்டியது. வலதுபக்கம் சாயும்போது மட்டும் ஒரு சொட்டும் விழாது. மூச்சுக்கு இடது வலது தெரியாது. தலைக்கு மேலே கேபின் கூரைப் பூச்சின் விளிம்பில், ஒரே இடத்தில், முத்து கோத்தது போலத் திரண்டு நின்று விழுந்தது. அதற்கு நேர் மேலே வெளியில் ஒரு கைப்பிடிக் கம்பி, நான்கு ஸ்க்ரூ. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கைப்பிடியைக் கழற்றிப் புதுசாக அடைப்பு வைத்து முடுக்கினேன். நிற்கவில்லை. ஜன்னல் சட்டத்தை மாற்றினோம். நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் ஆத்திரத்தில் உள்ளே ஏறி, சொட்டு விழுகிற அந்த விளிம்பு முழுக்கச் சிலிகானைப் பிதுக்கி அடைத்துவிட்டேன். நின்றுவிட்டது. நான்கு மாதம் உலர்ந்த படுக்கையில் தூங்கினேன். அந்த நான்கு மாத நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாவது மாதம் சொட்டு திரும்பி வந்தது, அரை அடி தள்ளி. இந்தத் தடவை நிறம் இருந்தது. வெள்ளைத் தலையணை உறையில் டீத்தண்ணி மாதிரி ஒரு கறை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். லேசாக உப்புக் கரித்தது. மூச்சில் உப்பு இருக்காது. மழை டெக்கின், அதாவது மேல்தளத்தின், உப்பைக் கரைத்துக்கொண்டு வரலாம், சரி. ஆனால் அந்த நிறம்? ஃபைபர் கிளாஸில் ஊறி வருகிற தண்ணீருக்கு அந்த நிறம் வராது. மரத்தில் ஊறினால் வரும்.

எங்கள் டெக் இரண்டு ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் வைத்த மூன்றடுக்கு. எடை குறைவு, விறைப்பு அதிகம். உலர்ந்திருக்கும்வரை அதைவிட நல்ல டெக் கிடையாது. எங்காவது ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஊறிப் பரவும், மட்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலின் பிளாஸ்டிக் தலையால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். மட்கிய இடத்தில் ஈரத்துணியில் தட்டியது போல மொத்தென்று கேட்கும். தட்டிக்கொண்டே போனேன். படுக்கைக்கு மேலே கணீர். ஜன்னலோரம் கணீர். பாய்மரத்துக்குப் பக்கத்தில், விளிம்பை ஒட்டிப் போனபோது சத்தம் செத்தது.

ஒரு குமிழி

பிறகு செய்ததைப் பழைய படகு வைத்திருக்கிற எல்லாரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பேன். மழைக்காகக் காத்திருந்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒழுகும் இடத்தைத் தேடுவதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போட்டோம். படகைத் துறையில் கட்டி, கூரைக் கதவுத் திறப்பில் அட்டையை ஒட்டி, இரவல் வாங்கிய இலை ஊதும் மெஷினின் மூக்கை அதில் சொருகினோம். காற்றுப் புழைகளையும் வடிகால்களையும் டேப் போட்டு மூடினோம். மெஷின் ஊத ஊத கேபினுக்குள் காற்று லேசாக அழுத்திக்கொண்டது. தண்ணீர் உள்ளே வருகிற வழி எதுவோ, அந்த வழியாகவே காற்று வெளியே போயாக வேண்டும். நான் மேலே மண்டியிட்டு, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் ஒவ்வொரு ஸ்க்ரூ மேலும் தடவிக்கொண்டே போனேன்.

கைப்பிடியில் ஒன்றுமில்லை. ஜன்னலில் ஒன்றுமில்லை. பாய்மரத்தின் இடதுபக்கக் கம்பி டெக்கைத் தொடுகிற இடத்துக்கு வந்தேன். அங்கே ஒரு சின்ன மூடித் தகடு, அதைச் சுற்றிப் பழைய உரிமையாளர் அடுக்கடுக்காகப் பூசிய சிலிகான், பழுப்பேறி. பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். சிலிகான் விளிம்பிலிருந்து ஒரு குமிழி மெதுவாக ஊதிப் பெருத்தது. குண்டுமணி அளவு, நெல்லிக்காய் அளவு, வானவில் நிறம் சுழல அப்படியே நின்றது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று கிளம்பியது.

"என்னங்க, மெஷினை நிறுத்திட்டு மேலே வாங்க."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா நாம தேடின இடம் இல்ல. அஞ்சு அடி தள்ளி."

ஐந்து அடி. தண்ணீர் அங்கே புகுந்து, பால்சாவுக்குள் ஊறி, டெக்கின் சரிவோடு பின்னால் நகர்ந்து, முதல் முதலாக வழி கிடைத்த இடத்தில் என் தலைமேல் விழுந்திருக்கிறது. அந்த வழியைத்தான் நான் உள்ளே இருந்து அடைத்தேன். வெளியேற வழியில்லாமல் நான்கு மாதம் அது மரத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த மூடிக்கு அடியில் இருப்பது செயின்பிளேட். பாய்மரத்தின் உச்சியிலிருந்து இறங்கும் கம்பி இந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையில்தான் முடிகிறது. பட்டை டெக்கைத் துளைத்து உள்ளே இறங்கி, குறுக்குச் சுவரில் போல்ட் போட்டு நிற்கிறது. எங்கள் படகில் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. வெளியே தெரிகிற தலையும் உள்ளே போல்ட் போட்ட உடம்பும் பளபளவென்றுதான் இருந்தன. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்தவரும் அதைப் பார்த்துத்தான் நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்தார். பாய் ஏற்றும் உபரிக் கயிற்றை டெக் விளிம்பில் கட்டி இறுக்கி, பாய்மரம் சாயாமல் முட்டுக்கொடுத்துவிட்டு, கம்பியைத் தளர்த்தி, போல்ட்களைக் கழற்றினோம். கட்டை வைத்து அடியிலிருந்து தட்டித் தட்டிப் பட்டையை மேலே எடுத்தார் கணவர். இரண்டு பளபளப்புக்கும் நடுவில், டெக்கின் கனத்துக்குள் மறைந்திருந்த இரண்டு சென்டிமீட்டர் மட்டும் கன்னங்கரேலென்று துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலே தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். கீறினாலும் அந்தப் படலம் மறுபடி வளர்ந்துவிடும், காற்று பட்டால். காற்றே படாத இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கி நின்றால் வளராது. வெளியில் கிடந்தால் ஐம்பது வருடம் கிடக்கிற இரும்பு, அந்த இரண்டு சென்டிமீட்டரில் மட்டும் அரித்துக்கொண்டு போகும். சிலிகான் மேலே மூடியது, நான் கீழே மூடினேன்.

கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. துடைத்துச் சுத்தம் செய்து, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டோம். துடைத்தெடுத்துவிட்டு வெள்ளை மாவு ஸ்ப்ரே அடித்தோம். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு சிவப்புக் கோடு தானாக எழுந்து வந்தது. 40 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 25 மில்லிமீட்டர் வரைக்கும். மீதி 15 மில்லிமீட்டர்தான் அந்தப் பக்கத்துப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வாரம் ஐந்து நாள் கரை தெரியாத ஓட்டத்துக்குக் கிளம்புவதாக இருந்தோம். நாங்கள் இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் அந்தப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறிந்த படகு

1968 ஜூனில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கடலோடி சுஹைலி என்ற 32 அடிப் படகில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவரும் போட்டியில் கிளம்பினார். பம்பாயில் தேக்கில் கட்டிய படகு. அவரே அதை இங்கிலாந்துவரை ஓட்டிக்கொண்டு போனவர். அட்லாண்டிக்கில் இறங்கும்போதே படகு தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டது. நடுக்கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடிப்பலகை இணைப்பில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் கான்வாஸும் செம்புத் தகடும் வைத்து ஆணியடித்தார். 312 நாள் கழித்துப் புறப்பட்ட துறைக்கே வந்து சேர்ந்தார். போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். இதைச் சின்ன வயதில் துணிச்சலின் கதையாகக் கேட்டிருந்தேன். இப்போது எனக்கு அதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. எந்த இணைப்பு, எத்தனை அடி நீளம், எதை வைத்தால் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத படகுக்காகக் கடலில் குதித்து என்ன செய்வது?

சின்னப் படகைப் பற்றி என் கணக்கு மாறியது இங்கேதான். எங்கள் படகில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஆறு ஓட்டைகள். எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்க ஒன்று, கழிப்பறைக்கு இரண்டு, பாத்திரத் தொட்டிக்கு ஒன்று, ஓட்டுகிறவர் உட்காரும் காக்பிட் வடிய இரண்டு. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதற்கு அளவான கூம்பு மரக்கட்டை கயிற்றில் தொங்குகிறது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஆறையும் தொட்டுவிடுவேன். அழகான உட்பூச்சுப் பலகை, வெந்நீர்க் குழாய், ஜெனரேட்டர் என்று எல்லாம் உள்ள பெரிய படகில், மூன்று வருடம் ஒரு சொட்டைத் துரத்தி அதன் மூலத்தைப் பிடித்திருப்பேனா? நிச்சயமாக இல்லை. அந்தச் சொட்டு பலகைக்குப் பின்னாலேயே வழிந்து படகின் அடிவயிறான பில்ஜில் சேர்ந்திருக்கும், தானாக ஓடும் பம்ப் அதை வெளியே தள்ளியிருக்கும். நான் உலர்ந்த மெத்தையில் தூங்கியிருப்பேன், பாய்மரம் ஒடிகிற நாள்வரைக்கும். சாதாரண ஆட்கள் இரண்டு பேர், வேறு யாரையும் கூப்பிடாமல், மூலைமுடுக்கு விடாமல் தெரிந்துகொள்ளக்கூடிய அளவு 27 அடி. என் வரையில் கட்டுப்படி என்பது அதுதான். படகு மலிவாகக் கிடைத்ததில் மிச்சமான காசுக்குப் பதிலாக இப்படித் தெரிந்துகொள்ளும் உழைப்பைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்க மனசில்லாதவர்களுக்கு எந்தச் சின்னப் படகும் மலிவில்லை.

சரி, வேலை. ஒன்று போனால் மற்ற ஐந்தையும் நம்ப முடியாது. ஆறையும் கழற்றினோம், இன்னும் இரண்டில் சிவப்புக் கோடு வந்தது. புதுசாக ஆறையும் வெண்கலத்தில் அறுத்து வாங்கினோம். கொஞ்சம் தடிமன் கூட்ட வேண்டியிருந்தது, ஆனால் வெண்கலம் இடுக்கில் இப்படி ஒளிந்து அரிக்காது. மட்கிய பால்சாவை மேல்தகட்டை வெட்டித் திறந்து கரண்டியால் சுரண்டினேன். ஈரமான காப்பிச் சக்கை மாதிரி வந்தது. முழுசாக உலரவே மூன்று வாரம். புது மரம் வைத்து மூடி, பட்டை இறங்குகிற துளையைச் சுற்றி மட்டும் மரமே இல்லாமல் கெட்டியான எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, அதில் மறுபடி துளை அறுத்தோம். இனி அடைப்பு விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது, நேரே உள்ளே வந்து என்னிடம் சொல்லிவிடும். மூடிக்கு அடியில் சிலிகான் இல்லை, ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப். வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்க்கிறோம்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் கழித்து ஒரு இரவு. காவல் மாற்றிக்கொண்டு நான் உள்ளே வந்து படுத்திருந்தேன். திடீரென்று காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. படகு இடதுபக்கம் சாய்ந்தது, தலைக்கு மேலே டெக்கில் கடல் ஓடுகிற சத்தம். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டிக் கூரை விளிம்பைத் தடவினேன். காய்ந்திருந்தது. கையை அங்கேயே வைத்திருந்தேன், காற்று அடங்குகிறவரை.

அந்தத் தம்பதிக்குத் திரும்பவும் போன் செய்து வரச் சொன்னேன். வந்தார்கள். நோட்டை எடுத்தவளிடம், எழுத வேண்டாம் என்று சொல்லி, மேசை இழுப்பறையில் துணியில் சுற்றி வைத்திருக்கும் பழைய பட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். சிவப்புக் கோடு இன்னும் மங்கலாக இருக்கிறது. நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டினாள். தட்டிய இடத்தில் நின்றாள். மறுபடி ஓட்டினாள்.

"இது எங்க இருந்துச்சு அக்கா?"

அவள் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கழற்றினேன். இருவரும் முட்டிபோட்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவன்தான் முதலில் கேட்டான், அந்த மேல் போல்ட்டுக்குப் பின்னால் ஏன் வாஷர் பெரிதாக இருக்கிறது என்று.